செவிக்குள் ஒரு கருவி

பாதி மனிதன், பாதி இயந்திரம் என்றவுடன் நமக்குச் சினிமாவில் வரும் இரும்புக் கை அரக்கன்தான் நினைவுக்கு வருவான். இப்படிப்பட்டவனைச் 'சைபார்க்' என்பார்கள். ஆனால் இந்தச் சொல் பிறந்தது சினிமாவில் அன்று. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் இரு விஞ்ஞானிகள், விண்வெளிப் பயணம் பற்றிய ஒரு கட்டுரையில் இதை உருவாக்கினார்கள். பூமியின் காற்றையும் வெப்பத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போவதைவிட, மனித உடலையே கருவிகளின் துணையால் விண்வெளிக்கு ஏற்றதாக்கினால் என்ன என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் காட்டிய முதல் சைபார்க் எது தெரியுமா? 220 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளை எலி! அதன் தோலுக்கடியில், மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் ஒரு சிறு பம்பு வைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சொல் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல், சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலுக்குள் வைத்துத் தைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. அடுத்தடுத்துப் பல கருவிகளை மாற்றிக்கொண்டு, அந்த நோயாளி 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியைச் செய்த பொறியாளரும், அதைப் பொருத்திய மருத்துவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்!

இன்று நம் தெருவிலேயே பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட தாத்தா ஒருவர் இருக்கக்கூடும். அவரை யாரும் இயந்திர மனிதர் என்று சொல்வதில்லை. ஆயினும் பேஸ்மேக்கர் இதயத்தைத் தட்டி எழுப்புவதோடு நின்றுவிடுகிறது. மூளைக்கே செய்தி அனுப்பும் கருவி ஒன்று உண்டு. 'காக்ளியர் இம்பிளான்ட்' எனப்படும் அந்தச் செவிக் கருவியைப் பற்றியே இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

காதின் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய மாணவியருக்குக் காக்ளியா என்ற பெயர் தெரிந்திருக்கும். உட்செவியில், நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய, ஒரு பட்டாணி அளவே உள்ள உறுப்பு அது. அதற்குள் திரவமும், ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர் செல்களும் இருக்கின்றன. ஒலியின் அதிர்வால் இவை அசைந்து, அந்த அசைவை மின் செய்தியாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. இதில் ஓர் ஒழுங்கு உண்டு. கீச்சென்ற ஒலிகளை நுழைவாயிலுக்கு அருகிலுள்ள செல்களும், கனத்த ஒலிகளை உட்சுழியில் உள்ள செல்களும் ஏற்கின்றன. ஆர்மோனியக் கட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்தது போல என்று சொல்லலாம்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பலருக்கும் பழுதாகியிருப்பவை இந்த மயிர் செல்களே. நரம்பு நன்றாக இருக்கும். அதற்குச் செய்தி கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஒலியைப் பெரிதாக்கும் சாதாரணக் காது கருவி இவர்களில் பலருக்கு உதவாமற் போவது இதனால்தான். தபால்காரரே இல்லாத ஊரில், கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டும் போய்ச் சேருமா?

செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தொடலாமா என்ற கேள்வி பழையது. மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலியரான வோல்டா தம் காதுகளில் உலோகக் கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தலையில் ஓர் அதிர்ச்சியும், கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற ஓசையும் உண்டானதாக 1800இல் எழுதினார். மாணவியர் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன். தந்தைக்குக் காது மந்தம். கடைக்கு வருவோர் சொல்வது கேளாமல் தந்தை படும் சிரமத்தைப் பார்த்து வளர்ந்த அவர், காது மருத்துவரானார். ஆயிரக்கணக்கான செல்கள் செய்யும் வேலையைச் சில கம்பிகள் எப்படிச் செய்யும் என்று பல விஞ்ஞானிகள் ஐயப்பட்டனர். கம்பிக் கற்றையை அந்தச் சுருளுக்குள் காயமின்றி நுழைப்பதும் பெரும்பாடாக இருந்தது. 1977இல் கடற்கரையில் ஒரு சங்கைக் கையில் எடுத்த அவர், ஒரு புல் இதழை அதற்குள் செருகிப் பார்த்தார். நுனி வளைந்து கொடுத்து, அடி சற்று விறைப்பாக இருந்த புல் தடையின்றிச் சுழன்று உள்ளே போயிற்று. கம்பிக் கற்றையையும் அப்படியே அமைத்தார்.

1978 ஆகஸ்டு 1ஆம் நாள் மெல்போர்னில், விபத்தில் காது கேட்காமற் போன ஒருவருக்கு அவர் இக்கருவியைப் பொருத்தினார். பின்னர் சோதனையின்போது கருவி வழியாக நாட்டுப்பண்ணின் மெட்டை அனுப்பியதும், அந்த மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்து விறைப்பாக நின்றாராம்! ஐரோப்பாவில் வியன்னா நகரில் இங்கெபோர்க் ஹோக்மைர் என்ற பெண் பொறியாளர் தம் கணவருடன் சேர்ந்து செய்த கருவி இதற்குச் சில மாதங்கள் முன்பே, 1977 டிசம்பரில், ஒருவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 24 என்பதை நம் மாணவியர் கவனிக்க வேண்டும். 2013இல் மருத்துவத்திற்கான லாஸ்கர் விருதை இவரும், கிளார்க்கும், அமெரிக்கரான பிளேக் வில்சனும் பகிர்ந்துகொண்டார்கள்.

கருவியில் இரண்டு பகுதிகள். காதின் பின்புறம் மாட்டும் பகுதி ஒலியை வாங்கிப் பகுத்து, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டச் சுருளுக்கு அனுப்பும். அச்சுருள் ரேடியோ அலையாகத் தோலைக் கடந்து செய்தி அனுப்ப, உள்ளே இருக்கும் பகுதி காக்ளியாவிலுள்ள மின்முனைகளைத் தூண்டும். மின்முனைகள் மொத்தம் 12 முதல் 22 வரைதான். 15,000 எங்கே, 22 எங்கே!

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத மனிதரின் காதுகளில் ஆண்டவர் விரல்களை வைத்துக் குணமாக்குகிறார். அவர் உடனே தெளிவாகப் பேசுகிறார். மனிதர் செய்த கருவிக்கு அந்த வல்லமை இல்லை. கருவியை முதன்முதலாக இயக்கும்போது குழந்தை கேட்பது பேச்சன்று, வெறும் சத்தமே. பலர் மிரண்டு அழுதுவிடுகிறார்கள். இது நாய் குரைப்பு, இது குக்கர் விசில், இது அம்மா தன்னைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக மூளை கற்க வேண்டும். இதற்குப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போய் வர வேண்டும். வீட்டிலும் தாய் சலிக்காமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மொழியைப் பிடித்துக்கொள்ளும் திறன் மூளைக்கு முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதி. ஆதலால் குழந்தை கைதட்டலுக்குத் திரும்பவில்லையென்றால், "பையன் மெதுவாகப் பேசுவான், அவன் மாமாவும் அப்படித்தான்" என்று பெற்றோர் காத்திருப்பது பெரிய இழப்பாகிவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பின்னர் வரும் பயிற்சிக்குப் பேருந்து ஏறி வந்து போவதுதான் ஏழைத் தாய்மாருக்குக் கடினம்.

எல்லாரும் இக்கருவியை வரவேற்கவில்லை. 1990இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கு இதை அனுமதித்தபோது, அங்குள்ள காது கேளாதோர் தேசியச் சங்கம் 1991இல் கண்டித்தது. தங்களுக்குச் சைகை மொழி என்ற முழுமையான மொழி இருக்கிறது. தாங்கள் பழுதான பொருள்கள் அல்லர் என்பது அவர்கள் வாதம். 2000இல் அச்சங்கம் தன் நிலையைத் தளர்த்தி, பெற்றோரின் முடிவை மதித்தது. அவர்கள் கோபம் வீணானதென்று நான் நினைக்கவில்லை. கருவி வைத்த குழந்தையும் இரவில் அதைக் கழற்றினால் மீண்டும் நிசப்தத்திற்கே போகிறது. அப்போது கைகளால் பேசத் தெரிந்திருந்தால் என்ன குறை?

நம் வகுப்பில் இப்படி ஒரு மாணவி வந்து சேர்ந்தால், அவளை முன் பெஞ்சில், இரையும் மின்விசிறிக்குத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். ஆசிரியை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவளுக்குப் பாதி புரியாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால் ஒன்றுமே புரியாது. பாட்டு வகுப்பில் தாளத்தைப் பிடித்துக்கொள்வாள். சுருதி பிடிபடுவது சிரமம். மழையில் நனைந்து வந்தால் முதலில் துடைக்க வேண்டியது அவள் தலையை அன்று, கருவியை. இரவில் அதனை ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட ஒரு டப்பியில் மூடி வைப்பார்கள்.