அம்பாஸடர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுதல்

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிறந்து, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோகும்வரை மந்திரிகளையும் கல்யாண கோஷ்டிகளையும் பேதமின்றிச் சுமந்து திரிந்த அம்பாஸடர் காரை அறியாதவர் நம்மில் இல்லை. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இறக்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் தம் கையாலேயே பூட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முயற்சிக்கு இதைவிடச் சாதுவான யந்திரம் கிடைப்பது துர்லபம்: நான்கு சிலிண்டர் கொண்ட வார்ப்பிரும்பு எஞ்சின்; ஸ்பானரை நுழைக்கச் சுற்றிலும் தாராளமான இடம்.

புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். ஆயினும் கோளாறு எங்கே என்று நிச்சயிக்காமல் எஞ்சினை இறக்குவது நாடி பாராமல் மருந்து அரைப்பதற்கு ஒப்பாகும். பிளக்குகளைக் கழற்றி, ஒரு துவாரத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை அதே துவாரத்தில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. உயராவிட்டால் பெரும்பாலும் வால்விலே.

பிரிக்கும்போது நிதானம் வேண்டுமென்று எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைச் சொல்பவர் அரிது. நெடுங்காலம் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள், தத்தம் ஜோடியை விட்டு வேறொன்றோடு சேரச் சம்மதிப்பதில்லை. கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் மூடிகள், பிளாக்குடன் சேர்த்தே கடையப்பட்டவையாதலால், இடம் மாறவும் கூடாது, திசை திரும்பவும் கூடாது. எட்டு புஷ் ராடுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் எட்டுத் துளையிட்டு வரிசையாகச் செருகி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

சிலிண்டரின் துவாரம் புதிதில் சுமார் 73 மில்லிமீட்டர். வெடிப்பின் உஷ்ணமும் அழுத்தமும் மிகுந்து, எண்ணெய்ப் பசை குன்றிய மேற்பகுதியில்தான் தேய்மானம் அதிகம். அடியிலோ ஏறக்குறைய பழைய அளவே இருக்கும். இப்படி மேலே அகன்று கீழே குறுகிய சிலிண்டரில் புது ரிங் மட்டும் மாட்டிச் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்கள், சீக்கிரமே அதே நீலப் புகையைத் தரிசிப்பார்கள். தேய்மானம் வரம்பு மீறியிருந்தால் சிலிண்டரைப் போர் செய்தே, அதாவது கடைந்து அகலப்படுத்தியே, தீர வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பாகம், 40 பாகம் என்று அளவு கூடிய பிஸ்டன்கள் இதற்காகவே உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கி லேத் பட்டறையில் கொடுத்து, அதை அளந்த பிறகே கடையச் சொல்ல வேண்டும் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரியாத சூக்ஷ்மம்.

பூட்டுவது, உண்மையைச் சொன்னால், கழுவுவதுதான். கடைசலில் உதிர்ந்த பொடி ஓர் எண்ணெய்த் துவாரத்தில் தங்கினாலும் புது பேரிங்கைக் கீறிவிடும். ஆகையால் வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத நிலை வரும்வரை சோப்பு நீரால் கழுவி, காய்ந்த உடனே எண்ணெய் பூச வேண்டும். ஒவ்வொரு பேரிங் மூடியையும் இறுக்கியவுடன் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் இறுகினால் அங்கேயே நிறுத்தி ஆராய வேண்டும்.

முதன்முறை கிளப்புமுன் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளையும் டேப்பெட் இடைவெளியையும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.