கற்பிட்டிக்கு ஒரு பகற்பயணம்

புத்தளத்திற் காலையிற் புறப்பட்டால், கற்பிட்டியைக் கண்டு களித்து, விளக்கேற்றும் வேளைக்கு முன்னரே வீடு திரும்பிவிடலாம். பாலாவிச் சந்தியிற் கிளைக்கும் வீதி மேற்கே சென்று, பின் வடக்கு நோக்கி வளைகின்றது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், இடையே ஒடுங்கிய மணல்நிலம். மாணவரை ஏற்றிய பேருந்துகளை இவ்வழியில் அடிக்கடி காணலாம். ஆனால், காண்பது வேறு, அறிவது வேறு அன்றோ?

முதலிற் கண்ணைக் கவர்வன உப்பளங்கள். அவற்றின் வெண்மையை வியக்கும் மாணவனுக்கு, 1344ஆம் ஆண்டில் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து வந்து கரையேறியதும் இப்புத்தளத்திலேதான் என்பதை யார் சொல்வது? இங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவன் என்றும், சிவனொளிபாதமலைக்குச் செல்லத் தனக்கு உதவினான் என்றும் அப்பயணி எழுதிவைத்தார்.

அடுத்து, கற்பிட்டிக் கோட்டை. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டிமுடித்தது. களப்பின் வாயிலைக் கைக்கொண்டால், கண்டி மன்னனின் கடல் வாணிகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதே அவர்தம் எண்ணம். கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்ப்போர் இந்தக் காரணத்தையும் அறிந்தால், கல் பேசத் தொடங்கும்.

பின்னர்ப் படகேறி, டொல்பின் எனப்படும் ஓங்கில்கள் துள்ளுவதைக் காண்பர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதற்கேற்ற காலம். மகிழத்தக்க காட்சியே. எனினும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர், மன்னார்ப் பகுதியினின்று படகேறி வந்து சேர்ந்ததும் இக்கற்பிட்டிக் கரைக்கே. உல்லாசப் படகுகள் ஓடும் நீரில் அழுத கண்களும் ஒரு காலத்தில் வந்தன.

இவற்றினும் மறக்கப்பட்டவர் ஒருவர் உளர். 1807இல் இவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்ற நூலை வெளியிட்டார். 1859இல், மறைவதற்கு ஓராண்டு முன்னர், தமிழ்ப் புலவர் வரலாறுகளை 'தமிழ் புளூட்டாக்' எனும் பெயரில் ஆங்கிலத்தில் தந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளிவந்தது 1886இல்தான் என்பதை எண்ணுக. பிறர் வாழ்வு மறையாதிருக்க உழைத்தவரை அவர் பிறந்த மண்ணுக்கு வருவோரே அறியாது திரும்புவது முறையாகுமா?

ஆசிரியப் பெருமக்கள் செய்யவேண்டியது பெரிதன்று. புறப்படும் நாளுக்கு முன்னாள் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இவற்றைக் கதையாகச் சொல்லட்டும். திரும்பியபின் மாணவர் தாம் கண்டதை எழுதட்டும். தம் நாட்டின் ஊர்களை ஒவ்வொன்றாய் எழுதிவைத்த காசிச்செட்டிக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.