தைப்பிங் ஏரியிலிருந்து பர்மா குளம் வரை

சித்தியவானில் இருக்கும் எங்களுக்குக் கடல்தான் பக்கம். லூமுட், தெலுக் பாத்தேக், பங்கோர் என்று விடுமுறை வந்தாலே மணலில் போய் நிற்போம். காடும் அருவியும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் ஆயர் தாவார், புருவாஸ் வழியாக வடக்கே போக வேண்டும். கடந்த பள்ளி விடுமுறையில் பெரியம்மா மகன் கார் ஓட்ட, படிவம் 6 மாணவர்கள் நாங்கள் மூவர் தைப்பிங் ஏரிப்பூங்காவுக்குப் போய் வந்தோம்.

தைப்பிங் நகராண்மைக் கழகம் பராமரிக்கும் இந்தப் பூங்கா 60 ஹெக்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. அங்குள்ள ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட லம்பக் குழிகளில் நீர் தேங்கி உருவானவை. 1880-இல் அந்தப் பாழ்நிலத்தைப் பூங்காவாக மாற்றும் வேலை தொடங்கியது. வரலாற்றுப் பாடத்தில் லாருட் போர் படித்திருப்பீர்கள். ஈயத்துக்காகக் கீ ஹின், ஹாய் சான் கூட்டத்தார் மோதிக்கொண்டது இந்த வட்டாரத்தில்தான். அதற்கு முடிவு கட்டிய 1874-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவின் பெயரைத் தாங்கியது. அதன்பின் ஊருக்கு வந்த பெயர்தான் தைப்பிங். சீன மொழியில் பேரமைதி என்று பொருள். தேர்வுக்காக மனனம் செய்த ஆண்டுகள் ஒரு ஏரிக்கரையில் நின்றபோதுதான் எனக்கு மனத்தில் தங்கின.

பூங்காவில் நான் அதிக நேரம் நின்றது தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில். நூறாண்டு தாண்டிய மரங்கள். கரையில் வேர்விட்டு, நடைபாதைக்கு மேலே வளைந்து, கிளை நுனிகள் ஏரி நீரைத் தொடுகின்றன. இவை அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த மரங்கள். மாலையிலும் வானம் இருண்ட வேளையிலும் இலைகள் மடிந்துகொள்ளும். அதனால் மலாய்க்காரர்கள் இதைப் 'புக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்றும் சொல்வார்கள். தமிழில் வைத்த பெயர் இன்னும் பொருத்தம் என்பது என் கட்சி. ஒரு காலத்தில் கார்கள் ஓடிய சாலை இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். நல்ல முடிவு.

பூங்காவைத் தாண்டி புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 800-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் இந்திய இராணுவத்தின் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். பாதிக்கும் மேற்பட்ட கற்களில் பெயரே இல்லை. அங்கே நாங்கள் அதிகம் பேசவில்லை.

அடுத்து, மலையடிவாரக் காட்டில் இருக்கும் பர்மா குளம். கருங்கல் பாறைகளுக்கு இடையே சிறுசிறு அருவிகளாக இறங்கி வரும் ஆறு அது. தண்ணீர் அத்தனை குளிர்ச்சி. தீபகற்ப மலேசியாவில் மழை மிக அதிகம் பெய்யும் ஊர் தைப்பிங்; ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று, 1,250 மீட்டர் உயரமுள்ள புக்கிட் லாருட்டில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மழை எத்தனை மணிக்கு வரும் என்று ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டுவார்களாம்!

இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மலையுச்சியில் கொட்டும் மழைநீர் செங்குத்தான பாறைச் சரிவில் தேங்க இடமில்லாமல் ஒரே மூச்சில் இறங்கும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்து சேரும். 'கெப்பாலா ஆயர்' என்பது இதைத்தான். நம் நாட்டில் அருவிகளில் குளிக்கப் போய்த் திரும்பாத குடும்பங்களின் செய்தியை இதே நாளேட்டில் படித்திருக்கிறோம்.

குளத்தில் இறங்குமுன் அண்ணன், நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு பாறையின் மேல் கூழாங்கல் ஒன்றை வைத்தார். "இந்தக் கல் நனைஞ்சா எல்லாரும் மேல ஏறிடணும், கேள்வி கேக்கக் கூடாது" என்றார். நாங்கள் சிரித்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். தெளிந்த நீரில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கின. நிறம் தேத்தண்ணீர் போல மாறியது. கல்லைப் பார்த்தேன், அது இருந்த பாறையே தெரியவில்லை.

"நாயிக்! நாயிக்!" என்று கரையிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் கத்தினார். பாறை நடுவே கைப்பேசியோடு நின்ற தோழி, "ஒரே ஒரு படம்" என்றாள். அண்ணன் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினார். செருப்பு ஒன்று போனது.

கரையில் நின்று எண்ணினேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை முழுதும் மூழ்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு, லாரி போகும் இரைச்சலாக மாறிவிட்டது. பெரியவர் ஒன்றும் கண்டிக்கவில்லை. மலைப்பக்கம் கையை மட்டும் காட்டினார். அங்கே உச்சியே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலையில் ஒரு துளி மழை விழவில்லை.