அலுவல் மடல்களில் செயப்பாட்டு வினை

‘இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்னும் தொடரை அலுவலக மடல்களைப் படிப்போர் அனைவரும் அறிவர். அரசு அலுவலகமாயினும் வங்கியாயினும் வணிக நிறுவனமாயினும் இத்தொடர் ஒருபடித்தாகவே வழங்குகின்றது. இதன்கண் கேட்கப்படுபவர் உளர், கேட்பவர் இலர். இம்மறைவினை ஈண்டு ஆராய்வோம்.

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் மரபினைத் தொல்காப்பிய வினையியல் உடன்படுகின்றது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மெழுகியவர் அங்கும் தோன்றவில்லை. ஆயின் அதனால் எவர்க்கும் இடரில்லை. ‘படு’ என்னும் துணைவினையும் பழையதே. எனவே, குறை வடிவில் இல்லை. அதனை ஆளும் இடத்தில் உள்ளது.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் பின்னர்த் தமிழ் அலுவலகங்களுட் புகுந்தபோது, முன்மாதிரியாக நின்றவை ஆங்கில மடல்கள். சொற்களுக்கு நேர் தேடினோர் தொடரமைப்பினை அத்துணை கருதவில்லை. ஆங்கிலேயரோ அந்நடையை அதற்கு முன்பே வெறுக்கத் தொடங்கியிருந்தனர். பிரித்தானியக் கருவூலத்தின் வேண்டுகோளின்படி எர்னஸ்ட் கவர்ஸ் எளிய சொற்களைப் பற்றி எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. அவர்கள் களைய முயன்றதனை நாம் பயிரிட்டோம்!

ஓய்வூதியம் வேண்டி ஒருவர் விண்ணப்பிக்கின்றார் எனக் கொள்வோம். ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது, தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என விடை வருகின்றது. பரிசீலிப்பவர் யார்? மேற்கொள்பவர் யார்? ‘வருகிறது’ என்னும் துணைவினை தொடர்ச்சியை உணர்த்துமேயன்றி முடிவை உணர்த்தாது. ‘நடவடிக்கை மேற்கொள்’ என்பதோ, வினையைப் பெயராக்கி, அதன்மேல் வேறொரு வினையை ஏற்றியது. செய்யும் செயல் இன்னதென்பதும் இதனால் மறைகின்றது. மனுதாரர் மீண்டும் எவரிடம் செல்வது? ‘தங்கள் மனுவைக் கணக்குப் பிரிவு ஆராய்கின்றது, 15 நாளில் விடை எழுதுவோம்’ என்பதில் இலக்கணமும் உண்டு, பொறுப்பும் உண்டு.

இவ்வாறு எழுதுதல் அலுவல் மாண்புக்கு ஒவ்வாது என்பர் சிலர். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில், தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை எனக் கொடுத்தோரைச் சுட்டியே கல்லில் வெட்டப் பணிக்கின்றான். பேரரசனின் ஆணைக்கு மாண்பு குன்றவில்லை.

களவு நேர்ந்த இடத்தைப் பற்றிய மடலில் ‘பூட்டு உடைக்கப்பட்டுள்ளது’ என எழுதுவது பொருந்தும். உடைத்தவரை எழுதுவோர் அறியார். மனு எவர் மேசையில் உள்ளது என்பதனை அவ்வலுவலகம் நன்கறியும்.