கரையில் இடும் கையெழுத்து

ரிஷிகேசத்துக்கு மேலே, பத்ரிநாத் சாலையை ஒட்டிய சிவபுரியில், ரப்பர்ப் படகை ஜீப்பின் தலையிலிருந்து இறக்கும் சந்தடிக்கு நடுவே, வந்திருக்கும் பிரயாணிகளிடம் ஒரு காகிதமும் பேனாவும் நீட்டப்படுகின்றன. நேரக்கூடிய எந்த விபத்துக்கும் தாமே பொறுப்பென்றும், கம்பெனியின்மீது யாதொரு பாத்தியதையும் கோருவதில்லையென்றும் அச்சடித்த அந்தக் காகிதத்தை, செல்போனை எங்கே பத்திரப்படுத்துவது என்ற கவலையில் ஆழ்ந்திருப்பவர்கள் படித்தா பார்க்கப் போகிறார்கள்? கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படகில் ஏறுகிறார்கள். பிற்பாடு ஏதேனும் நேர்ந்தால், எழுதிக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன கேட்பது என்று தம் உரிமைகளையெல்லாம் கங்கையிலேயே கரைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த எண்ணம் சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது; அதனால் லாபமடைகிறவர் கம்பெனிக்காரர் ஒருவரே.

பாகீரதியும் அலகநந்தாவும் தேவப்பிரயாகையில் ஒன்றுகூடிக் கங்கையென்று பெயர் பெற்று இறங்கிவரும் வழியில், கௌடியாலாவிலிருந்து ரிஷிகேசம் வரையுள்ள சுமார் 36 கிலோமீட்டர்தான் ராஃப்டிங் என்னும் இந்தப் படகு விளையாட்டின் பிரதான களம். புதியவர்களை வழக்கமாகப் பிரம்மபுரியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டரோ, சிவபுரியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரோ அழைத்துப் போகிறார்கள். நீரின் வேகத்தையும் கொந்தளிப்பையும் கொண்டு ஆற்றை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கு. ஆறாவது, தேர்ந்த அனுபவசாலிகளும் பெரும்பாலும் ஒதுங்கிப் போவது. சிவபுரிக்குக் கீழேயுள்ள ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் முதலிய இடங்கள் மூன்றாம் தரத்தை ஒட்டியவை; வியாசிப் பக்கத்தில் 'தி வால்' என்று வழங்கும் இடமோ நான்காம் தரத்தது, முதல்முறை வருகிறவருக்கு உரியதன்று. ஆயினும் தரம் என்பது பாறையில் பொறித்த சாசனமன்று. பாகீரதியின் குறுக்கே நிற்கும் டெஹ்ரி அணையில் மின்சார உற்பத்திக்காகத் திறந்துவிடும் நீரின் அளவுக்கேற்ப ஆறு ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால், காலையில் சாதுவாகத் தோன்றிய இடம் மாலையில் வேறு சுபாவம் கொண்டுவிடக் கூடும். செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் பருவம் ஜூனோடு முடிகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் மழை வெள்ளத்தில் ராஃப்டிங் நிறுத்தப்படும். அப்போதும் அழைத்துப் போகிறேன் என்று காதோடு சொல்லும் தரகர் எவரேனும் வாய்த்தால், அவர் எத்தனை மலிவாகச் சொன்னாலும், விலகிவிடுவதே விவேகம்.

அபாயம் என்றதும் படகு கவிழ்வதையே எல்லோரும் நினைக்கிறார்கள். கவிழ்வது அப்படியொன்றும் அபூர்வமன்று; கவிழ்ந்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பனி உருகி வரும் ஜலத்தில் உடம்பு திடீரென்று அமிழ்ந்தால், நம் சம்மதத்தைக் கேளாமலே மூச்சு பெரிதாக இழுக்கும். அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால், உள்ளே போவது காற்றன்று. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இந்த முதல் நிமிஷத்தில் தடுமாறுவார். அதைத் தாண்டிக் கரையை நெருங்கியவரைப் பிடிக்கும் வேறொரு ஆபத்து உண்டு: முழங்காலளவு நீர்தானே என்று எழுந்து நிற்க முயலும்போது, பாதம் இரு கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ள, பின்னிருந்து தள்ளும் பிரவாகம் உடலை முன்புறமாகக் கவிழ்த்து அமுக்கிவிடும். ஆகவேதான் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதந்து போகவேண்டும் என்று கைடு படித்துப் படித்துச் சொல்லுகிறார். சொல்லாமலே படகைத் தள்ளுகிற கைடும் உண்டு; அவரிடம் அதைச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பதற்குப் பெரிய வித்தை வேண்டாம். வார்களையெல்லாம் இறுக்கிக்கொண்டு, உடன் வந்தவரை இரு தோள்வார்களையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறி வந்தால், நீரில் அது உங்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். கொக்கி உடைந்து, வாரை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் வேறு ஜாக்கெட் கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். துடுப்பின் உச்சியிலுள்ள குறுக்குக் கைப்பிடியை எக்காரணம் கொண்டும் கை நழுவவிடலாகாது. பக்கத்தில் இருப்பவருடைய பல்லைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். துணைக்கு ஒரு கயாக் படகு கூட வருகிறதா, வீசியெறியும் மீட்புக் கயிறு படகில் இருக்கிறதா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். மது அருந்திவிட்டு வருகிற நண்பரைக் கரையிலேயே விட்டுச் செல்வது நட்புக்கு விரோதமாகாது. கைடே தலைக்கவசத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு, வீடியோவுக்குத் தனியே காசு பேசும் வழக்கத்தை நான் ரசிப்பதில்லை. சுழிப்பின் நடுவே அவருடைய கவனம் முழுதும் ஆற்றின்மேல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

இந்தத் தொழிலுக்கு உத்தரகண்ட் அரசு 2014-இல் விதிகளை வகுத்தது. அனுமதி பெற்ற நிறுவனமும் உரிமம் பெற்ற கைடும் இன்றிப் படகு இறங்கலாகாது. எனினும், 2018 ஜூனில் அம்மாநில உயர்நீதிமன்றம், தெளிவான சட்டமும் கொள்கையும் ஏற்படும்வரை ராஃப்டிங் உள்ளிட்ட விளையாட்டுகளையே நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்ட பிறகுதான், அரசு மேலும் சுறுசுறுப்புக் கொண்டது. உரிமத்தைக் காட்டும்படி கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனி, தன் யோக்கியதையைத் தானே சொல்லிவிடுகிறது.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். ஆற்றுக்கு இயல்பான அபாயத்தை நீங்கள் அறிந்தே ஏற்றீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சியமாகலாம். கொக்கியில்லாத ஜாக்கெட்டுக்கும் உரிமமில்லாத கைடுக்கும் அது மன்னிப்புச் சீட்டாகாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை அளிப்பவரின் அலட்சியத்தால் நஷ்டம் ஏற்படுவதையும் 'சேவைக் குறைபாடு' என்பதில் அடக்கியிருக்கிறது. நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமான ஷரத்துகள் கொண்ட 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒரு வகையையும் அச்சட்டம் புதிதாக ஏற்படுத்தி, அதை மாநில ஆணையத்தின் முன் எதிர்க்க இடமளித்திருக்கிறது. நம்மவருக்கு மிக அனுகூலமானது வேறொன்று: வழக்குக்காக டேராடூனுக்கோ டெஹ்ரிக்கோ அலைய வேண்டியதில்லை, மதுரைவாசி மதுரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷங்களுக்குள் கொடுக்கவேண்டும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. முன்பணம் வாங்கியபின் ஆறு மூடப்பட்டதென்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் சில்லறைத் தகராறுகளுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணே பல சமயம் போதும்.

ஆனால் எதற்கும் ருசு வேண்டும். தபோவன் சாலையோரத்துத் தரகரிடம் பேரம் பேசி, ரொக்கமாகக் கொடுத்து, யாருடைய படகு என்றே தெரியாமல் ஏறியவர் பிற்பாடு யார்மேல் புகார் எழுதுவார்? கம்பெனியின் பெயரில் ரசீது வாங்குங்கள். பில் கொடுக்க மறுப்பதே சட்டப்படி முறையற்ற வியாபாரம். படகின்மேல் எழுதியுள்ள பெயரையும், கையெழுத்திட்ட காகிதத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடன் வந்த அந்நியர்களின் எண்களையும், விபத்து நேர்ந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். அலட்சியத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவின்கீழ் அது குற்றம். முதல் தகவல் அறிக்கையை எந்தக் காவல் நிலையத்திலும் பதிவு செய்யக் கோரலாம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராஃப்டிங் சாகச விளையாட்டு, ஆகவே பணம் கிடையாது என்று காப்பீட்டுக் கம்பெனி கை விரிப்பதுண்டு. மருத்துவக் காப்பீடுகளுக்குப் பொதுவாக வகுத்துள்ள விலக்கு வாசகமோ, இவ்விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு ஈடுபடுகிறவர்களைத்தான் குறிப்பிடுகிறது. விடுமுறைக்கு வந்த குமாஸ்தாவை அன்று. விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகளில் வாசகம் மாறலாமாகையால், புறப்படுமுன் அந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுவது நலம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், வக்கீலும் கட்டணமும் இன்றி, முறையிடலாம்.