சாயத்தைப் பற்றி நிற்கும் உலோகம்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூர் என்றோர் ஊர் உண்டு. பெயரில் கப்பல் இருக்கிறதே யொழியச் சுற்றுவட்டாரத்தில் கடல் இல்லை; வானம் பார்த்த நிலமும் தொழிற்சாலைகளுமே உண்டு. கருமுத்து தியாகராஜ செட்டியார் 1936-ஆம் ஆண்டில் தொடங்கிய தியாகராஜர் ஆலை இருப்பது இவ்வூரில்தான். பஞ்சு உள்ளே போகிறது. வெள்ளை நூல் வெளியே வருகிறது. அந்த வெள்ளை நூலை முன்வைத்து நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். பழைய மதுரைச் சேலையின் சிவப்பு, எத்தனை முறை வெளுத்தாலும் போகாமல் நின்றதே, அது எதனால்?

சாயம் நன்றாக ஊறியிருக்கும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பருத்தி நூலுக்கும் வேர்ச் சாயத்துக்கும் இயல்பாக நட்புக் கிடையாது. பருத்தி பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. வேரை வேகவைத்த நீரில் அதை வெறுமனே முக்கினால் இலேசாக நிறம் ஏறும். இரண்டு முறை அலசினால் இறங்கிவிடும். இவ்விரண்டையும் பிரியாமல் பிணைக்க நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர் ஓர் உலோகம்.

நாயக்க மன்னர் காலந்தொட்டு மதுரையில் வாழ்ந்துவரும் சௌராஷ்டிரப் பெருமக்கள் இத்தொழிலில் பெரும் பெயர் பெற்றவர்கள். அந்நாளில் சிவப்புக்கு மூலப்பொருள் சாயவேர். வைத்தியர்கள் இம்பூறல் என்று வழங்கும் சிறு செடியின் வேரே அது. இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் கடற்கரை மணலில் அது செழித்து வளர்ந்தது. இலங்கையில் டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், அவ்வேரைத் தோண்டும் உரிமையை அரசாங்கமே தன் கையில் வைத்துக்கொண்டது என்றால் அதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

சாயக்காரர் செய்த வேலை சாமான்யமானதன்று. நூலைச் சாம்பற்காரமும் எண்ணெயும் கலந்த நீரில் நனைத்து வெயிலில் உலர்த்துவர். மீண்டும் நனைப்பர், மீண்டும் உலர்த்துவர். நாட்கணக்கில் இது நடக்கும். பிறகே படிகாரமும் வேர்ச் சாயமும். சில இடங்களில் படிகாரத்துக்குப் பதிலாகக் காயா மரத்தின் இலையைச் சேர்ப்பதும் உண்டு. திருமாலின் மேனிக்கு உவமையாக நாம் சொல்லும் காயாம்பூ பூக்கும் மரமே அது. படிகாரத்தில் அலுமினியம் இருப்பது பள்ளி மாணவனும் அறிந்தது. இலை எப்படி அதன் வேலையைச் செய்யும்? காயா இனத்து மரங்கள் மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து இலையில் மிகுதியாகச் சேர்த்து வைப்பவை என்று தாவர ஆராய்ச்சி பிற்காலத்தில் கண்டறிந்தது. காரணம் அறியாமலே காரியத்தைச் சரியாகச் செய்தார்கள் நம் முன்னோர்.

சாயவேரிலுள்ள சிவப்புப் பொருளுக்கு அலிசரின் என்று பெயர். அதன் மூலக்கூற்றில் ஆக்ஸிஜன் அணுக்கள் இரண்டு, நண்டின் இரு கொடுக்குகளைப் போல, அருகருகே அமைந்துள்ளன. அலுமினியத்தைக் கண்டதும் அவை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கின்றன. சுண்ணாம்பில் உள்ள கால்சியமும் உடன் சேர்கிறது. இவ்வாறு உலோக அணு நடுவே நிற்க, மற்றப் பொருள்கள் அதைச் சூழ்ந்து பற்றிக்கொண்டு உண்டாகும் பொருளையே ரசாயன சாஸ்திரிகள் அணைவுச் சேர்மம் என்கிறார்கள். நூலுக்குள் உருவான இந்தச் சேர்மம் நீரில் கரையாது. ஆகவே வெளியேறவும் மாட்டாது. மனிதன் தன் கையால் ஆக்கிய அணைவுச் சேர்மங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று இந்தச் செஞ்சாயமே என்றும், அதை முதலில் கையாண்ட நாடு இந்தியா என்றும் இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வைகை நீரில் தோய்த்தால்தான் சிவப்புக்குத் தனி ஒளி வரும் என்பது மதுரையாரின் நெடுநாள் நம்பிக்கை. இதை வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நீரில் ஓரளவு சுண்ணாம்புச் சத்து இருப்பது இச்சாயத்துக்கு உதவும் என்பதை ரசாயனம் ஒப்புக்கொள்கிறது. அச்சத்துக் குறைந்த நீரில் ஐரோப்பியச் சாயக்காரர்கள் சீமைச் சுண்ணாம்பைத் தூவியே வேலை செய்தார்கள்.

நடுவே நிற்கும் உலோகம் மாறினால் நிறமும் மாறும். அதே அலிசரின் அலுமினியத்தோடு சிவப்பு; இரும்போடு கருஊதா; வெள்ளீயத்தோடு ஆரஞ்சு. சோழமண்டலக் கரையில் சீட்டித் துணி எழுதியவர்கள் துணியில் ஓரிடத்தில் படிகார நீரும் மற்றோரிடத்தில் இரும்பு நீரும் தீட்டி, எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் தோய்த்து, இரு நிறங்களோடு எடுத்தார்கள். ஐரோப்பிய நாட்டுச் சீமாட்டிகள் அத்துணிக்கு ஏங்கி நின்றார்கள்.

இவ்வளவும் கையின் அறிவு. காரணத்தின் அறிவு எப்போது வந்தது? 1893-ஆம் ஆண்டில். அப்போது 26 வயதே நிரம்பியிருந்த ஆல்பிரட் வெர்னர் என்பவர், உலோக அணுவைச் சுற்றி இத்தனை இடங்கள் என்ற கணக்கு உண்டு என்றும், அவ்விடங்கள் குறித்த திசைகளில் அமைந்தவை என்றும் எழுதினார். கோபால்ட் உலோகத்துக்கு ஆறு இடங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நாற்புறமும் நான்கு. அந்த இடங்களில் அம்மோனியா எத்தனை, குளோரின் எத்தனை என்பதைப் பொறுத்து உப்பின் நிறம் மஞ்சளாகவும் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறுகிறது. சூரிச் நகரில் பல ஆண்டுகள் பரிசோதனை செய்து தம் கருத்தை நிலைநாட்டிய வெர்னர், 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் காரண அறிவு நம்மிடம் இல்லாததால் நாம் இழந்தது என்ன? 1868-இல் கிரேப், லீபர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டார்கள். வேரிலுள்ளதும் ஆலையில் பிறந்ததும் ஒரே பொருள். விலை மட்டும் வேறு. நாளடைவில் சாயவேரைத் தேடுவார் இல்லாமற் போயினர். மதுரைச் சாயப் பட்டறைகளும் சீமை அலிசரினையே வாங்கின. 1914-இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டு ஜெர்மானியச் சாயம் வருவது நின்றபோது நம் சாயத் தொழில் திண்டாடியது. கையில் வித்தை இருந்தும் மூலப்பொருளுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்த கதை இது.

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களுள் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ரே முதல்வர். கல்கத்தாப் பிரஸிடென்ஸி கல்லூரியில் அவர் 1896-இல் பாதரச நைட்ரைட்டைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி உலகின் கண்ணை ஈர்த்தது. பழைய இந்திய ரசாயனத்தின் வரலாற்றை எழுதிய அவரே மருந்துத் தொழிற்சாலையும் தொடங்கினார். நூலறிவும் தொழிலறிவும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வழிவந்த பிரியதாரஞ்சன் ரே அணைவுச் சேர்மங்களையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டார். இச்சேர்மங்களில் சில, வலக்கையும் இடக்கையும்போல் ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவமாக அமையும். ஒரு கை மற்றொரு கையாக மாற, பிணைப்பு அறுந்து தீர வேண்டுமா? வேண்டியதில்லை, முறுக்கிக்கொண்டே மாறலாம் என்று அவரும் தத் என்பவரும் 1943-இல் வழி காட்டினார்கள். இன்றும் உலகப் பாடநூல்களில் ரே–தத் முறுக்கு என்றே அது வழங்குகிறது.

இது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இலையின் பச்சையில் மக்னீசியமும், இரத்தத்தின் சிவப்பில் இரும்பும் இதே முறையில்தான் நடுவே வீற்றிருக்கின்றன. 1845-இல் ஒருவர் ஆக்கிய பிளாட்டினச் சேர்மம் ஒன்று நூறாண்டுக்கு மேல் ஆராய்ச்சிப் பொருளாகவே கிடந்தது. 1960-களில் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்பவர், அது உயிரணுக்கள் பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். 1978-இல் சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் அது புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. எந்தக் குடுவையில் எவருடைய உயிர் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டி யார் சொல்ல முடியும்?

ஆயினும் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். சாயத்தைத் துணியில் நிறுத்தும் உறுதியே அதை ஆற்றிலும் நிறுத்துகிறது. இக்காலச் சாயங்கள் சிலவற்றில் குரோமியமும் கோபால்ட்டும் உள்ளன. மயில்நீலச் சாயங்களில் செம்பு உண்டு. எளிதில் சிதையாத இவை கழிவுநீரோடு போனால் நிலத்துக்கும் நீருக்கும் கேடு. திருப்பூர்ப் பக்கத்து நொய்யல் ஆற்றில் சேர்ந்த கழிவில் உப்பே பெரும் பங்கு. அதன் விளைவாக 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாவரும் அறிவர். தொழிலை மூடுவதால் தொழிலாளி வாடுகிறான். மூடாவிட்டால் உழவன் வாடுகிறான். இருவரையும் காக்கும் வழியை ரசாயனம் அறிந்தவர்கள்தாம் காட்ட வேண்டும். உலோகத்தைப் பிணைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அதை நீரிலிருந்து பிரித்தெடுக்கவும் தெரியும்.

அதற்கு முதற்படி வீட்டிலேயே தொடங்கலாம். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி கிடைக்கும். அதன் வேரிலும் அலிசரினுக்கு உறவான செஞ்சாயங்கள் உண்டு. வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் படிகார நீரிலும், ஒன்றைத் துருப்பிடித்த ஆணி ஊறிய புளித்தண்ணீரிலும் ஊறவைத்து உலர்த்துங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். மூன்றையும் மஞ்சிட்டி நீரில் ஒன்றாகக் காய்ச்சி, நன்றாக அலசிக் கொடியில் போடுங்கள். எதில் நிறம் நின்றது, எதில் போயிற்று, எதில் கறுத்தது என்று குழந்தைகளையே பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம் பள்ளிக்கூடங்கள் தமிழில் விடை சொல்லுமானால், சாயக்காரரின் கையறிவும் சாஸ்திரியின் நூலறிவும் இனிமேலாவது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.