புயல் வருவது தெரிந்தும்

1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் அதைச் சுற்றியிருந்த வண்டல் திட்டுகளையும் ஒரு புயல் தாக்கியது. செத்தவர்கள் மூன்று லட்சம் பேருக்குக் குறையாது. ஐந்து லட்சம் என்றும் ஒரு கணக்கு உண்டு. தஜுமுத்தீன் என்ற ஒரே வட்டாரத்தில் இருந்த 1,67,000 பேரில் 45 சதவீதம் பேர் மறுநாள் உயிரோடு இல்லை. உலகில் இதுவரை பதிவான வெப்பமண்டலப் புயல்களில் இத்தனை உயிரைக் குடித்தது வேறொன்றில்லை.

புயல் வருவது யாருக்கும் தெரியவில்லை, அதனால் செத்தார்கள் என்றால் மனது ஒருவாறு ஏற்றுக்கொள்ளும். ஆனால் தெரிந்திருந்தது. செயற்கைக்கோள் படம் எடுத்திருந்தது, வானொலியும் சொன்னது. பின்னாளில் விசாரித்த ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, அந்தப் பகுதி மக்களில் 90 சதவீதம் பேருக்குப் புயல் வரும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. உறுதியான கட்டடத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் சுமார் 1 சதவீதம்.

இந்த 90க்கும் 1க்கும் நடுவில்தான் பேரிடர் மேலாண்மை என்கிற துறையே இருக்கிறது என்பேன். அதற்குள் போகுமுன் அந்த இரவில் கடல் என்ன செய்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

புயல் என்றதும் நமக்குக் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. செய்தியிலும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதே தலைப்பு. ஆனால் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீரோ முழுதாக ஒரு டன். காற்று கூரையைத்தான் பிய்க்கும். தண்ணீர் வீட்டையே அடித்தளத்தோடு பெயர்த்துக்கொண்டு போய்விடும். கடலோரத்தில் பெரும் புயல்கள் கொன்றவர்களில் மிகப் பலர் நீரில் மாண்டவர்கள்தான்.

அந்த நீர் எப்படி ஏறுகிறது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே கடல் சற்றுப் புடைத்து எழும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். மிகக் கொடூரமான புயலிலும் அழுத்தம் நூறு ஹெக்டோபாஸ்கல் அளவுக்கே குறையும். ஆக, இந்தக் கணக்கில் வருவது ஒரு மீட்டர்தான். 1970இல் ஏறிய நீரோ ஆறு மீட்டருக்குக் குறையாது. மீதியைக் கொண்டுவந்தது காற்று.

நடுக்கடலில் காற்று மேல்நீரைத் தள்ளினால், அடியில் இருக்கும் ஆழத்தின் வழியே நீர் திரும்பிப் போய்விடும். கரையோரத்தில் அந்த இடம் இல்லை. சட்டியில் இருக்கும் தண்ணீரின் மேல் ஊதினால் சிற்றலை எழுவதோடு சரி. தட்டில் ஊற்றிய டீயை ஊதினால் அது மறு ஓரத்தில் வழிந்தே விடும். கடல் எவ்வளவு ஆழம் குறைந்ததோ, காற்று அதன் நீரை அவ்வளவு உயரத்துக்குக் குவிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

வங்கக்கடலின் வடமுனையில் இந்தக் கணக்கெல்லாம் மனிதனுக்கு எதிராகவே விழுகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கரையிலிருந்து வெகுதூரம் வரை கடல் ஆழமின்றிக் கிடக்கிறது. அந்த வண்டல்தான் நெல்லை விளைவிக்கிறது, புதுப்புதுத் திட்டுகளை எழுப்புகிறது. நிலமில்லாத ஏழைகள் அந்தத் திட்டுகளில்தான் குடியேறுகிறார்கள். கடற்கரையும் புனல்போலக் குறுகுவதால் உள்ளே தள்ளப்பட்ட நீர் பக்கவாட்டில் பரவ வழியில்லை. போதாக்குறைக்கு ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம். சென்னைக் கடற்கரையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர். மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சந்துவீப் தீவில் ஐந்து மீட்டரையும் தொடும். ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் புயல் கரையேறினால் பாதி ஆபத்து விலகிவிடும். 1970இல் அது நீரேற்ற நேரத்தில் வந்தது.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்ன ஆள் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் கப்பல் குறிப்பேடுகளைத் தேடிப் படித்துப் புயல்களை ஆராய்ந்தவர். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டும் யோசனை எழுந்தபோது, ஒருநாள் கடல் எழுந்து வந்து அதை மூழ்கடிக்கும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கே எழுதினார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? அங்கேயே கானிங் துறைமுகம் எழும்பியது. 1867இல் புயலோடு கடல் உள்ளே புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகத்தையே கைவிட்டார்கள். பிடிங்டன் 1858இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மீண்டும் 1970க்கு வருவோம். கேட்டவர்கள் ஏன் கிளம்பவில்லை? காரணங்கள் பலவும் சாதாரணமானவை. சில வாரங்களுக்கு முன்பு, அக்டோபரிலும் ஒரு புயல் எச்சரிக்கை வந்து, பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கிளம்பினாலும் போவதற்கு இடமில்லை; மூங்கில் தட்டியும் கூரையுமாக நிற்கும் வீடுகள் மட்டுமே உள்ள திட்டில் எங்கே ஏறி நிற்பது? மாட்டை யார் பார்த்துக்கொள்வது? அந்த ஊரில் ஒரு ஜோடி மாடு என்பது ஒரு குடும்பத்தின் மொத்த சேமிப்பு.

எச்சரிக்கையின் மொழியும் ஒரு தடை. நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, 1 முதல் 11 வரை, அதே ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடுதான் அங்கேயும். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். முழுக்க அப்படி இல்லை. 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பெரும் அபாயத்தைத்தான் குறிக்கின்றன. புயலின் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 8, வலப்புறம் இருந்தால் 9, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 10. 5, 6, 7 கூண்டுகளுக்கும் இதே முறைதான். 11 என்பதோ வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான குறி. கப்பல் தலைவனுக்கு இது தேவையான செய்தி. வயலில் நிற்கும் விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

இடம் வலம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பூமியின் வடபாதியில் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்கின்றன. அதனால் பாதைக்கு வலப்புறத்தில், காற்றின் சுழற்சி வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்கிலிருந்து தமிழகக் கரைக்கு வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடபுறம். அங்கே காற்று கடலைக் கரைமேல் ஏற்றும். தென்புறத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடல் உள்வாங்கவும் செய்யும். புயல் நாளில் கடல் பின்வாங்கியதைப் பார்த்துச் சுனாமி என்று பதற வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் இப்படிக் குவிந்த நீர்தான். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பயணிகளோடு வந்த ரயிலையே அலை கொண்டுபோனது.

கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகப் பிறந்த மறு ஆண்டே, 1972இல், புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைச் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கினார்கள். அடிப்படை எளிது. வானொலிப் பெட்டி சொல்வதை விட, அடுத்த தெருக்காரர் வந்து கதவைத் தட்டிச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். ஊர்தோறும் சம்பளமில்லாத் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, கைச் சுழற்சிச் சங்கு, சைக்கிள். எண்களை நம்பாமல் கொடி ஏற்றினார்கள். ஆபத்து நெருங்க நெருங்க ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகள் கூடும். மூன்று கொடி பறந்தால் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாடுகளுக்காக மண்மேடுகள் எழுப்பினார்கள்; அவற்றுக்கு முஜிப் கில்லா என்று பெயர். மாட்டுக்கு இடம் கிடைத்தால்தான் மாட்டுக்காரன் வீட்டை விட்டு நகருவான் என்பதை யாரோ சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அதில் பெண்களே மிக அதிகம். 20 முதல் 44 வயதுக்குள் ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால், பெண்கள் 71 பேர். எச்சரிக்கை கடைத்தெருவில் ஆண்கள் காதில் விழுந்தது. வீட்டிலிருந்த பெண் கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, காலில் சுற்றும் புடவையோடு, நீச்சல் தெரியாமல் நீரில் சிக்கினாள். முன்பின் தெரியாத ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும், கழிப்பறை இல்லாத காப்பகத்துக்குப் போகவும் பலர் கூசினார்கள்.

இதையும் பாடமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம். காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறைகள் வந்தன. இன்று 76,000 பேருக்கு மேல் இருக்கும் தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். காப்பகங்களையே பாருங்கள். தூண்களின் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம். கீழ்த்தளம் திறந்தவெளி, வரும் நீரைத் தடுக்காமல் உள்ளே புகுந்து மறுபக்கம் போக விட்டுவிடும். மேலே ஏறச் சாய்தளம். மற்ற நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் அது. தினமும் பிள்ளைகள் போய்வரும் கட்டடம் என்பதால் பூட்டித் துருப்பிடிக்காது. அம்மாவுக்கும் வழி தெரியும்.

2007 சித்ர் புயலில் சுமார் 3,400 பேர் இறந்தார்கள். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவே, அம்பன் வந்தபோது 24 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு. இரண்டு புயல்களும் ஒன்றல்ல, அம்பனின் மூர்க்கத்தைச் சுந்தரவனக் காடு ஓரளவு வாங்கிக்கொண்டது. நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயமாகாது. ஆனாலும் லட்சங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கியதற்குக் காடு மட்டும் காரணமாக முடியாது. 1999இல் சுமார் 10,000 பேரைப் பறிகொடுத்த ஒடிசாவும் இதே வழியில் நடந்து, 2013 பாய்லின் புயலின்போது பத்து லட்சம் பேரைக் கரையிலிருந்து நகர்த்திக் காட்டியது. பக்கத்திலேயே மியான்மரில் 2008இல் நர்கீஸ் வந்தபோது இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அங்கே கதவைத் தட்டுவதற்குத்தான் ஆளில்லை. செத்தவர்கள் சுமார் 1,38,000.

உயிர் தப்பிய பிறகு வருவது வேறு கணக்கு. அதில் எந்த நாடும் இன்னும் தேறவில்லை. வங்கதேசத்தில் 2009இல் அய்லா புயல் உடைத்த கரைகளைச் சில இடங்களில் ஈராண்டு கழித்தும் அடைக்கவில்லை. நாளுக்கு இருமுறை ஓதத்தோடு உப்புநீர் ஊருக்குள் வந்து போனது. குடிதண்ணீர்க் குளங்கள் உப்பாயின. குடும்பங்கள் கரைமேட்டிலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. நிலத்தில் ஏறிய உப்பைக் கழுவ நல்ல மழை வேண்டும், வடிய வாய்க்கால் வேண்டும். கரை உடைந்தே கிடந்தால் எந்த மழையாலும் பயனில்லை. 2018இல் கஜா புயல் சாய்த்த காவிரி டெல்டா தென்னைகளுக்கும் இதே கதைதான். நிவாரணத் தொகை ஒருமுறை வரும். நட்ட நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை விற்றுச் சாப்பிடும் என்பதற்கு நம் திட்டங்களில் பதில் இல்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை புயல் செய்தி வரும்போது காற்றின் வேகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வானிலை அறிக்கையில் கடல் எத்தனை மீட்டர் எழும் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். புயல் கரையேறும் இடத்துக்கு நீங்கள் வடக்கா தெற்கா, அது வரும் நேரத்தில் ஓதம் ஏறுமா வற்றுமா என்று பாருங்கள். உங்கள் ஊருக்கான புயல் காப்பகம் எது, மாட்டை எங்கே கட்டுவது என்பதை ஐப்பசி பிறக்குமுன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.